தொட்டியிலிருந்து மாடு முகத்தை இழுத்துக்கொண்டால்

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்கும் பொறுமை எனக்கு இல்லை. இதைப் பார்க்கும்போது நீ பண்ணையில் இருந்தால், கையுறையைக் கழற்றாதே. அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாதே. அறைக்கு வந்து, உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் பிறகு போ. தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். இன்று கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ பேசியபோது உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். மாடியிலிருந்து சித்தப்பாவும் இறங்கி வந்திருந்தார். "இங்க மைனஸ் இருபத்தெட்டுப்பா, மூச்சு விட்டா மீசையில ஐஸ் ஒட்டுது" என்றாய். மாடுகள் வெளியில் எப்படித் தாங்கும் என்று அப்பா கேட்டார். "அதுகளுக்குக் குளிரு ஒண்ணும் செய்யாதுப்பா, மயிரு அம்புட்டுக்கு வளந்துருக்கு. தண்ணிதான் ரோதனை. காலையில கோடாலிய வச்சு உடைப்பேன். திரும்புறதுக்குள்ள மறுபடி மூடிக்கும்" என்றாய். "இங்க தண்ணியே இல்ல, அங்க தண்ணி கல்லாப் போகுதாக்கும்" என்று சித்தப்பா சொன்னார். அப்புறம்தான் நீ அந்த ஹீட்டரைப் பற்றிச் சொன்னாய். நம் வீட்டில் வெந்நீர் போடும் ராடு மாதிரி, தொட்டித் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், கொட்டகையிலிருந்து பனிக்கு அடியில் ஒயர் இழுத்திருக்கிறார்கள், போன வாரம் ஓனர் போட்டார், இப்போது தண்ணீர் உறையவே இல்லை என்றாய். "ஆனா பாருங்க, வெதுவெதுன்னு இருக்கு, ஒரு மாடுகூடக் குடிக்க மாட்டேங்குது. மூக்க வைக்குது, வெடுக்குன்னு இழுத்துக்குது. பின்னாடி போயிப் பனிய நக்குது. திமிரு புடிச்ச மாடுக" என்று நீ சொல்ல, மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தோசையைத் திருப்பாமல் நின்றுவிட்டேன். எம்புட்டு நாளா என்று கேட்டேன். நாலு நாளாம்மா என்றாய். ஓனரிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, "நான் என்னன்னு போயிச் சொல்றதும்மா? வந்து மூணு மாசம். ஊர்ல மாடு வச்சிருந்தோம்னு சொல்லித்தான் இந்த வேலையக் குடுத்தாரு. மாடு தண்ணி குடிக்கலன்னு சொன்னா, இவனுக்கு மாடு பாக்கத் தெரியலன்னு நெனைப்பாரு. தானாக் குடிக்கும் விடுங்க" என்றாய். ஹீட்டரை அணைக்கச் சொன்னேன். சரிம்மா என்றாய். உன் சரிம்மாவை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அன்றே இரண்டு முறை குரல் பதிவு அனுப்பினேன். முதலாவதற்குக் கட்டைவிரல் படம் வந்தது. இரண்டாவதற்கு, "எஸ்கலேட்டர் மாதிரியாம்மா?" என்று எழுதியிருந்தாய்.

அது எனக்குத் தேவைதான். உன்னை வழியனுப்ப வந்த அன்று சென்னை விமான நிலையத்தில் நகரும் படியில் கால் வைக்க மாட்டேன் என்று நான் நின்றதும், பின்னால் வந்தவர்கள் பெட்டிகளோடு முட்டிக்கொண்டதும், நீ என் கையைப் பிடித்து மறுபடி சாதாரணப் படிக்கு அழைத்துப் போனதும் நினைவிருக்கிறது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் நான் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுவேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட உன்னைத்தான் பேசச் சொல்வேன். பயப்படுவது என் சுபாவம் என்று இந்த வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். நூறு பொய்ப் பயங்களுக்கு நடுவே ஒரு நிஜப் பயம் வந்தால் அதைத் தனியாக எடுத்துக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான், பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்லப் போகிறேன். அதைக் கேட்ட பிறகாவது நீ சிரிக்கமாட்டாய்.

உனக்கு அப்போது நான்கு வயது. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் வீட்டுக்கு வரும் வழியில் இப்போது இருக்கும் மாடி வீடுகள் ஒன்றும் கிடையாது. கல் நட்டுப் பிரித்த பிளாட்டுகள், நடுநடுவே முள்ளுச்செடி, நாலைந்து புது வீடுகள். எனக்கு இருபத்தைந்து வயது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரையில் இயற்பியல் படித்து முடித்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். உன் தாத்தா, அதாவது என் மாமனார், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் மருமக டிகிரி படிச்ச பிள்ளை" என்பார். அதைக் கேட்டதும் நான் உள்ளே போய்விடுவேன். அந்த வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேனே தவிர, நானாகப் பேச்சைத் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பார்ப்பார்கள். யாருடைய செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கரண்ட் இழுத்த வயர்மேன் உன் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். பின்பக்கம் ஒரு குழி தோண்டி, குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடிவிட்டு, "இது எர்த் குழி. எங்கயாவது கரண்ட் கசிஞ்சா இது வழியாத்தான் மண்ணுக்குப் போகும். ஈரம் இருந்தாத்தான் வேலை செய்யும். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாத்தா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஒரு குடம் ஊற்றுவேன். எதிர் வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி தாயி அது, பூமாதேவியா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன். மறு வெள்ளியிலிருந்து அந்தக் குழாய் மேல் ஒரு செவ்வந்திப் பூ இருக்கும். மஞ்சள்கூடத் தடவியிருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. ஆனைமலைப் பாறை பகலெல்லாம் காய்ந்து சாயங்காலம் அனலை நம் பக்கம் தள்ளும். போரில் காலையில் பத்து நிமிடம் தண்ணீர் வரும், பிறகு குழாய் காற்றைத் துப்பும். அந்தப் பத்து நிமிடத்தில் குடம், அண்டா, மாட்டுத் தொட்டி எல்லாம் நிரம்ப வேண்டும். நமக்கு அப்போது ஒரு செவலை மாடு இருந்தது, சினை. மோட்டார் ஓடும்போதே அதை அவிழ்த்துக் கொண்டுவந்து தொட்டியில் காட்டிவிடுவோம். இரும்புக் குழாயிலிருந்து விழும் தண்ணீரிலேயே வாய் வைத்துக் குடிக்கும். மத்தியானம் அது நாக்கை வெளியே தள்ளி நிற்பதைப் பார்க்கும்போது, வெள்ளிக்கிழமை மண்ணில் ஊற்றுகிற அந்த ஒரு குடம் எனக்கு உறுத்தியது. ஒரு வெள்ளி அதைக் குழிக்கு ஊற்றாமல் மாட்டுக்கு வைத்தேன். மாடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் முழங்கையை நக்கியது. அடுத்த வெள்ளியும் அப்படியே. ஏழெட்டு வாரம் குழிக்குத் தண்ணீர் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எதிர் வீட்டு அக்கா மட்டும் விடாமல் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை காலை மாடு தொட்டியில் மூக்கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதே சொல்தான். உனக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்ததோ. தலையை உதறியது, இரண்டு அடி பின்னால் போய் நின்று தண்ணீரையே பார்த்தது. சினை மாட்டுக்கு வாய்க் கசப்பு என்றார் தாத்தா. கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அன்று சாயங்காலம் அதே தொட்டியில், அதே தண்ணீரை, அது வயிறு முட்டக் குடித்தது. வெள்ளிக்கிழமை காலை மறுபடி இழுத்துக்கொண்டது. அதே தண்ணீரை நான் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு தள்ளி வைத்தேன், குடித்தது. மோட்டார் ஓடும்போது மட்டும்தான் குடிக்கவில்லை என்பதை நான் பார்த்துவிட்டேன். அண்டாவை நகர்த்தும்போது ஈரமான என் மணிக்கட்டு குழாயில் பட்டது. எறும்பு வரிசை ஏறின மாதிரி சுருசுருவென்று இருந்தது. நான் செருப்புப் போட்டிருந்தேன். மாட்டுக்குச் செருப்பு கிடையாது, நான்கு காலும் ஈர மண்ணில் இருந்தன.

அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மோட்டாரில் கசிவு. எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. மண்ணுக்குப் போக வேண்டியது குழாயில் ஏறி நிற்கிறது. பரீட்சையில் கேட்டிருந்தால் படம் போட்டு எழுதியிருப்பேன். ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் குழிக்கு ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்பார்கள். வயர்மேன் சொந்தக்காரர், அவர் வேலையைக் குறை சொன்னதாக ஆகும். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால், டிகிரி படித்த மருமகளின் லட்சணம் இதுதானா என்று சிரிப்பார்கள். உன் அப்பா அப்போது திண்டுக்கல்லில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம், அவர் சொன்னதாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். உன்னை மட்டும் காலையில் பின்பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன். இதை எழுதும்போதுதான் இதன் அர்த்தம் எனக்கே உறைக்கிறது. என் பிள்ளையை மட்டும் தள்ளி நிறுத்திவிட்டு, மற்றவர்களை அந்தக் குழாயோடு விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை சித்தப்பா வேலைக்குப் புறப்பட்டு நின்றார். அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கால் கழுவச் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். மாடு தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "என்னங்க மகாராணி, உங்களுக்குப் பன்னீர் கொண்டாந்து ஊத்தணுமா? எறங்கி வாங்க" என்று ஒரு கையை அதன் கழுத்தில் போட்டு, மறுகையால் பிடிமானத்துக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அதன் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். நான் அடுக்களை வாசலில் இருந்தேன். வேண்டாம் கொழுந்தனாரே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் மாடு ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்திக்கொண்டு முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவர் கை குழாயை விடவில்லை. உடம்பு உதறியது, கண் திறந்தே இருந்தது. நீ எப்படியோ கதவைத் தாண்டி வந்து, கையில் ஒரு டம்ளரோடு, தொட்டியிலிருந்து நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாய். தாத்தா அவரைப் பார்த்து ஓடினார். நான் உன்னிடமும் ஓடவில்லை, அவரிடமும் ஓடவில்லை. நேராக மோட்டார் ஸ்விட்சுக்கு ஓடினேன்.

மாடு அங்கேயே போய்விட்டது, வயிற்றிலிருந்ததோடு. சித்தப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் இரண்டு விரல் அன்றிலிருந்து மடங்காது. "கரண்ட்டு எனக்குக் கை குடுத்துட்டுப் போச்சு" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதைக் கேட்டு நீ வளர்ந்தாய். நான் காப்பாற்றிய கதையையும் கேட்டு வளர்ந்தாய். "எல்லாரும் அவனைப் பாத்து ஓடுறோம், எம் மருமக ஸ்விட்சுக்கு ஓடுது. படிச்ச பிள்ளைக்கும் நமக்கும் அதான் வித்தியாசம்" என்று தாத்தா சாகும்வரை சொன்னார். ஐந்தாம் வகுப்பில் நீ அதைக் கட்டுரையாக எழுதி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கிவந்தாய். நான் அதில் இன்றுவரை சோப்பு வைத்ததில்லை. ஸ்விட்சுக்கு ஓடத் தெரிந்தது படிப்பால் இல்லை, தம்பி. இப்படி நடக்கும் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு எந்தப் பக்கம் கால் போகும்?

இதைவிடக் கேவலமான ஒன்று மறுநாள் நடந்தது. வயர்மேன் வந்து பார்த்தார். குழியைக் கிளறிவிட்டு, "பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. தண்ணி ஊத்துனீங்களா இல்லியா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மருமக ஒரு வெள்ளி தப்புனதில்ல. நீ செஞ்ச வேலை சரியில்லன்னு சொல்லு. பூ வாடிக் கெடக்குறது தெரியலயா, முந்தாநேத்து வரைக்கும் வச்சிருக்கு" என்றார். வயர்மேன் அந்தப் பூவைப் பார்த்தார். நம் வீட்டுப் பக்கம் அவர் பிறகு வரவே இல்லை. ஊரில் நல்லது கெட்டதில் பார்த்தாலும் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். அப்போதும் சொல்லவில்லை.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். "என்ன மதினி, மறுபடி எஸ்கலேட்டரா?" என்று சிரித்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழியை, வெள்ளிக்கிழமைக் குடத்தை, என் மணிக்கட்டில் ஏறிய சுருசுருப்பை. துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர் அப்படியே கையில் வைத்திருந்தார். "மொத நாளே தெரியுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "காலையில நான் அந்தக் கொழாயிலதான மொகம் கழுவுனேன், வெள்ளிக்கெழமையும்" என்றார். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டார். உன் தொட்டியைப் பற்றியும், உன் ஓனரிடம் நீ சொல்லத் தயங்குவதைப் பற்றியும் சொன்னேன். துணியை வாளியில் போட்டார். "அப்ப அவனுக்கு எழுதுங்க. எனக்குச் சொன்ன மாதிரி லேட்டா எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கீழே சாப்பிட வரவில்லை. இரண்டு நாளாகச் சித்திதான் தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். அவளும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உன் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் குறையாக இதைச் சொல்லவில்லை. சொல்லத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான்.

இப்போது உன் தொட்டிக்கு வருகிறேன். நீ முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கனமான கையுறையும் போட்டிருக்கிறாய். அதனால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாடு வெறும் குளம்போடு ஈரப் பனியில் நின்று, ஈர மூக்கைத் தண்ணீரில் வைக்கிறது. அதற்குத் தெரிகிறது. தாகத்தோடு இருக்கிற மாடு வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுவிட்டுப் பனியை நக்கப் போகாது. என்றைக்காவது தொட்டி நிரம்பினால் தண்ணீரை நிறுத்தும் மிதவையில் ஐஸ் மாட்டிக்கொள்ளும். கையுறை நனைந்து விறைத்துப்போகும். ஒரு நிமிடம்தானே என்று கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் கையை விடுவாய், மறுகையால் தொட்டியின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கண்ணை மூடினால் இதுதான் தெரிகிறது. பாத்திரம் கழுவத் தண்ணீரில் கையை விடும்போதெல்லாம் உன் கை தெரிகிறது. அந்த ஒயர் பனிக்கடியில் எங்கே உரிந்திருக்கிறது, மாடு எங்கே மிதித்தது, எந்த இணைப்பில் ஈரம் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உன் வேலையும் இல்லை. அதற்கு உரிய எலக்ட்ரீஷியன் வரட்டும். கசிந்தால் தானாக அணைந்துபோகும் ட்ரிப்பர் அந்தக் கொட்டகையில் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் முதலில் ஓனரிடம் போ. இங்கிலீஷ் தட்டுகிறது என்று நீ தயங்கினால், பேச்சே இல்லாமல் காட்ட ஒரு வழி இருக்கிறது. அவரை வைத்துக்கொண்டே கொட்டகைக்குள் காய்ந்த இடத்தில் நின்று அந்த இணைப்பை மெயினில் அணைக்கச் சொல். வெளியில் பனியில் கிடக்கும் பிளக்கை நீ தொடாதே. அணைத்த பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே தொட்டித் தண்ணீரை மொண்டு தள்ளி வை. மாடு குடிக்கும். தண்ணீரில் குற்றம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு தொட்டியில் காத்திருங்கள். உடனே வராது. அடி வாங்கிய மாடு கொஞ்சம் சந்தேகப்படும். ஒன்று துணிந்து மூக்கை வைத்து, வைத்த மூக்கை எடுக்காமல் நின்றால், அவர் வேறு எதுவும் கேட்கமாட்டார். சரி செய்யும்வரை பழையபடி கோடாலிதான். வீட்டுக்குள்ளிருந்து வெந்நீர் கொண்டுபோய் வேளைக்கு இரண்டு முறை ஊற்று. தொட்டியைச் சுற்றி வைக்கோல் கட்டி, மேலே பாதிக்குப் பலகை போட்டு மூடினால் உறைவது தாமதமாகும். இதையெல்லாம் நீ எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தாய், நவம்பரில், பெருமையாக. அந்த வேலை கஷ்டம்தான். கை விறைக்கும். செய்.

மாடு பார்க்கத் தெரியாதவன் என்று அவர் நினைப்பார் என்கிறாய். நினைக்கட்டும். நீ சொல்வது தப்பாகவே இருந்து அவர் சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும். இருபத்தைந்து வயதில் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் கண்ணும் மூக்கும் அப்பாவுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில், "நான் என்னன்னு போயிச் சொல்றது" என்று நீ கேட்டபோது, நீ யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று எழுத வரவில்லை.

இன்று புதன்கிழமை. எனக்கு முற்பகல், உனக்குச் செவ்வாய் இரவு தொடங்கியிருக்கும். நீ முதல் நாள் பண்ணை வாசலில் நின்று எடுத்து அனுப்பிய படத்தை நேற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பண்ணையின் பெயரும், கீழே போன் நம்பரும் இருக்கின்றன. கடைசி எண் உன் தொப்பிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. அது மூன்று அல்லது எட்டு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குக் காலை ஆறரை ஆகும்போது இங்கே இரவு ஏழு. அதற்குள் 'சொல்லிட்டேம்மா' என்று உன் குரலில் ஒரு பதிவு வர வேண்டும். கட்டைவிரல் படம் வேண்டாம். வராவிட்டால் நான் அவரைக் கூப்பிடுவேன். "சார், ஐ ஆம் ஹிஸ் மதர். தி கேட்டில் ஆர் நாட் டிரிங்கிங். தேர் இஸ் கரன்ட் இன் தி வாட்டர். மை சன் இஸ் ஷை, லைக் மீ." காலையிலிருந்து அடுக்களையில் இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன் பின் தெரியாத ஒருவருக்கு நான் வாழ்க்கையில் போன் செய்ததில்லை. ஆனாலும் கூப்பிடுவேன். முதலில் மூன்று போட்டுப் பார்ப்பேன். தப்பான வீட்டுக்குப் போனால், மன்னிப்புக் கேட்டுவிட்டு எட்டு போடுவேன்.

அம்மா